சண்டைக்குப் போன தூளித் தட்டு

எனக்குச் சண்டை போட வராது. இதை ஒரு நல்ல குணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம் எனக்கு நன்றாகவே வரும். பால் பொங்குகிற மாதிரி வரும். (அடுப்பைத் துடைக்கிற வேலையும் பிறகு எனக்குத்தான்.) ஆனால் எதிராளி முன்னால் போய் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கண் கலங்கும், கடைசியில் "சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் மாமியார் என்று இந்த வகையில் தப்பித்தவர்கள் பலர். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, ஆவடியிலிருந்து வெள்ளானூருக்குச் சண்டை போடுவதற்கென்றே போனேன்.

நாங்கள் தென்காசிப் பக்கம். கணவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். குவார்ட்டர்ஸில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. "மெஷின் ஷாப் சார் வீட்டம்மா" என்றுதான் பல வருஷம் இருந்தேன். ஒருமுறை பக்கத்து பிளாக்கில் நடந்த வளைகாப்புக்கு விளையாட்டாக ஒரு ஆரத்தித் தட்டை அலங்காரம் செய்து கொடுத்தேன். அதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டதும் நாலு பேர் கேட்டார்கள், பிறகு நாற்பது பேர் கேட்டார்கள். நான் "தட்டு அக்கா" ஆனேன். அந்தப் பெயரை முதல் தடவை யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதினால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

என் தட்டுகளில் பேர் வாங்கியது தூளித் தட்டு. நாலு சின்னக் குச்சிகளைக் கால்களாக நிறுத்தி, மேலே ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அதில் விரல் நீளத்துக்கு ஒரு தூளி கட்டுவேன். உள்ளே பஞ்சில் செய்த பாப்பா. தூளித் துணி மட்டும் கடையில் வாங்குவதில்லை. கர்ப்பிணிப் பெண்ணின் அம்மாவிடம் பழைய புடவையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதில்தான் கட்டுவேன். முதல் தட்டுக்கு என் அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சுங்குடியைக் கிழித்தேன். அந்தத் தட்டில் ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. வேறு குச்சி வெட்டச் சோம்பல்பட்டு, கணவர் சட்டையிலிருந்து ஒரு நீலப் பட்டனைப் பிய்த்து அந்தக் காலுக்கு அடியில் ஒட்டிவிட்டேன். (அந்தச் சட்டையில் இன்றைக்கும் ஒரு பட்டன் வேறு கலர். மனுஷர் அதைப் போட்டுக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறார்.)

திவ்யா என்ற பெண்ணின் இன்ஸ்டாகிராம் பக்கம் என் கண்ணில் பட்டது அப்போதுதான். வெள்ளானூர் என்று போட்டிருந்தது. என் தூளித் தட்டின் படத்தை, என் பெயர் இருந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டு அப்படியே போட்டிருந்தாள். அதற்குக் கீழே அவளே செய்த தட்டின் படம். தூளி இருந்தது, பாப்பா இருந்தது, ஒரு காலுக்கு அடியில் நீலப் பட்டனும் இருந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வார்களே, அதே கேஸ்.

அதைவிட மேலே ஒன்று. "என் நாத்தனார் கல்யாணத்துக்காக ஊருக்குப் போவதால் இரண்டு நாள் ஆர்டர் எடுக்க இயலாது, அன்பு வாடிக்கையாளர்கள் பொறுத்தருள வேண்டும்" என்று நான் எழுதியிருந்த அறிவிப்பையும் எடுத்து அவள் பக்கத்தில் போட்டிருந்தாள். என் நாத்தனார் அவளுக்கும் நாத்தனார் ஆகிவிட்டாள்.

"வாட்டர்மார்க் போடு" என்றார் கணவர். போட்டேன். வெட்டி எடுக்க முடியாதபடி என் பெயரைத் தட்டுக்கு நடுவில் கொட்டை எழுத்தில் குறுக்காகப் போட்டேன். மறுநாள் அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "தட்டு ரொம்ப நல்லாருக்கு, ஆனா அந்த எழுத்து இல்லாம செஞ்சு குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

அடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்பில் முறையிட்டேன். எல்லோரும் அந்தப் பக்கத்தை ரிப்போர்ட் செய்யுங்கள் என்று சொல்லி, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பக்கங்களின் லிங்க்கையும் அனுப்பினேன். (ஒன்றை மட்டும் அனுப்பவேண்டும் என்கிற அறிவு இன்றைக்கு இருக்கிறது.) எங்கள் சொந்தக்காரர்கள் பாசத்தில் குறை வைக்காதவர்கள். சித்தப்பா, பெரியம்மா, கல்யாணமான அந்த நாத்தனார் உட்பட அத்தனை பேரும் முதலில் இருந்த லிங்க்கைத் தட்டி ரிப்போர்ட் செய்தார்கள். முதலில் இருந்தது என்னுடையது. இன்ஸ்டாகிராம்காரர்கள் என் பக்கத்தை முடக்கி வைத்துவிட்டார்கள். "வேலையை முடிச்சுட்டோம்மா" என்று சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தி அனுப்பியிருந்தார்.

பக்கம் திரும்பி வந்த அன்றைக்கே ஒரு புது வாடிக்கையாளர் பேசினார். "தட்டெல்லாம் நல்லாருக்குங்க. ஆனா வெள்ளானூர்ல ஒரு பொண்ணு செய்யறதைப் பாத்து காப்பி அடிக்கிறீங்களோ?"

அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தூளித் தட்டு போய்விட்டால் தட்டு அக்காவும் போய்விடுவாள், மறுபடி மெஷின் ஷாப் சார் வீட்டம்மாதான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சூரியகாந்திப் பூ படம் வைத்து, கவிதா என்ற பெயரில் ஒரு பொய்க் கணக்கு ஆரம்பித்தேன். வளைகாப்புக்குத் தட்டு வேண்டும் என்று திவ்யாவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல ஊட்டுக்கு வாங்கக்கா. ஏழு தட்டும் ரெடியா கீது, நேர்லயே பாத்துக்கலாம்." கீழே முகவரியும் இருந்தது.

சண்டைக்குப் போனாலும் மரியாதையாகப் போகவேண்டும், புடவையைப் பார்த்தே எதிராளி பாதி பயப்படவேண்டும் என்று மாம்பழக் கலர் பட்டை எடுத்துக் கட்டினேன். தலையில் பூ. பையில் ஒரு பைல், அதில் கலர் பிரிண்ட் எடுத்த ஆதாரங்கள். கையில் கண்ணாடித் தாள் சுற்றிய என் முதல் தூளித் தட்டு. அசலை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இது யாருடையது?" என்று கேட்பதாகத் திட்டம். ஆட்டோக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "பள்ளம் ஜாஸ்திக்கா, பதனமா புட்ச்சிக்கோ, நான் மெதுவா ஓட்றேன்" என்றார். சண்டைக்கு ஊர்ந்துகொண்டே போனேன்.

வீட்டு வாசலில் வாழைமரம், சாமியானா, பாட்டு. திகைத்து நின்றேன். நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஒரு அம்மா வேகமாக வந்து என் கையைப் பிடித்தார்.

"வாம்மா வா. பொண்ணு ஊட்லேர்ந்து ஒர்த்தர் கூட வர்லயேனு வாசலையே பாத்துகினு கீறேன். இன்னாத்துக்கு வெளியவே நிக்கிற?"

"இல்ல, நான் வந்து…"

"அட, தட்டோட வந்துகீறியே, நீ மகராசியா இருக்கணும்."

தட்டு என் கையிலிருந்து போய்விட்டது. உள்ளே கூடத்தில் ஒரு நாற்காலியில், கன்னத்தில் சந்தனமும் மடியில் வேப்பிலையுமாக, ஏழு மாத வயிற்றோடு திவ்யா உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எதிரே தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் நாலு குச்சிகளும் ஒரு குட்டித் தூளியும் சரிந்து கிடந்தன.

விஷயத்தை அந்த அம்மா, அதாவது திவ்யாவின் மாமியார், என் காதில் சொன்னார். திவ்யாவுக்கு அம்மா இல்லை. சீர்த்தட்டு கொண்டுவரத் தாய் வீடு என்று ஒன்று கிடையாது. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று, ஏழாம் மாசத்துக்கு ஏழு தட்டையும் அவளே ராப்பகலாகச் செய்து வைத்தாள். (கவிதாவுக்குக் காட்டுவதாக எழுதிய ஏழும் இவைதான்.) காலையில் சந்தனக் கிண்ணம் வைக்கும்போது தூளித் தட்டு மட்டும் ஆடிச் சாய்ந்துவிட்டது. வளைகாப்பன்று தூளி சாய்ந்ததே என்று நாலு பேர் முணுமுணுக்க, அவள் அழ, தட்டும் ஆறாகிப் போய் ரெட்டைப்படையில் நின்றது.

"இப்ப பாரு, ஏழாச்சு" என்று சொல்லி, சாய்ந்ததை நகர்த்திவிட்டு அதே இடத்தில் என் தட்டை வைத்தார் மாமியார். தூளி அசையாமல் நின்றது. முணுமுணுத்தவர்கள் வாயை மூடினார்கள்.

திவ்யா அந்தத் தட்டைப் பார்த்தாள். பட்டனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பாளோ, அசலை அடையாளம் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தனத்துக்குக் கீழே அவள் முகம் வெளிறிப் போனது.

"யாரும்மா இவங்க, உங்க சொந்தமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க அக்கா" என்றாள் திவ்யா.

"அப்ப தாய் வூட்டு ஆளு. மொத வளையல் அவங்கதான் போடணும்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புழுக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி வியர்க்கிறாளே என்று மாமியார் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பைலை உருவி மருமகளுக்கு விசிற ஆரம்பித்தார். நான் திரட்டிய ஆதாரம் முழுவதும் குற்றவாளிக்குக் காற்று வீசியது.

நான் வளையலை எடுத்து அவள் கையைப் பிடித்தேன். அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தெரியுதுக்கா நீங்க யாருன்னு. திட்டுங்க, நான் செஞ்சது தப்புதான். ஆனா இவங்க எதிர்ல வேணாம்க்கா. பந்தி முடியட்டும், அப்புறமா எவ்ளோ வேணா திட்டுங்க."

ஆவடியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. வெளியே வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டில் என் அம்மாவின் கத்தரிப்பூ நிறத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் தாய் வீட்டிலிருந்து வந்த பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான். அதை எப்படித் திரும்பக் கேட்பேன்? ஆரத்தி எடுக்கிற நேரம் வந்தபோது என்னையே எடுக்கச் சொன்னார்கள். என் டிசைனைத் திருடியவளுக்கு, என் தட்டிலேயே, யார் கண்ணும் படக்கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டு ஆரத்தி எடுத்தேன்.

பந்தியில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தையும் மாமியாரே நின்று இலையில் வைத்தார். போதும் என்றால் "தாய் வூட்டு ஆளு வயிறு வாடிப் போனா எம்மருமவளுக்கு ஆவாது" என்றார். எல்லாம் முடிந்த பிறகு திவ்யா உள்ளறையில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "இப்ப திட்டுங்கக்கா" என்றாள். அவ்வளவு சாப்பிட்டவளால் யாரைத் திட்ட முடியும்?

"என் நாத்தனார் கல்யாணத்தை எதுக்கும்மா போட்ட?"

"அழகா எழுதியிருந்தீங்க. மொத்தமா எடுத்துப் போட்டேன், படிச்சே பாக்கலக்கா."

"அந்தப் பட்டன்?"

"அது அழகுக்குன்னு நெனச்சேன்."

குட்டைக் காலின் கதையைச் சொன்னேன். அவள் வெட்டிய கால்கள் நாலும் சரியான அளவு. அதில் ஒன்றுக்குப் பட்டன் வைத்தால் தட்டு ஆடாமல் என்ன செய்யும்? அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். என் எதிரிலேயே என் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். நாத்தனார் கல்யாணத்தையும் நீக்கினாள்.

வீட்டுக் கதவைத் திறந்த கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் காய்ந்த சந்தனம், இடுப்பில் இடுக்கிய ஒரு டப்பா புளியோதரை. தட்டைக் காணோம், பைலையும் காணோம்.

"சண்டை எப்படி இருந்தது?" என்றார்.

"புளியோதரைதான் கொஞ்சம் காரம்" என்றேன்.

முழுக் கதையையும் கேட்டவர் ஒரு யோசனை சொன்னார். இனிமேல் வேண்டுமென்றே ஒரு காலைக் குட்டையாக வெட்டி அடியில் பட்டன் ஒட்டு, குட்டைக் கால் படத்தில் தெரியாது, காப்பி அடிக்கிறவர்கள் தட்டெல்லாம் தானாகச் சாயும் என்றார். (தொழிற்சாலை மூளை.) எங்கேயோ ஒரு பெண் சந்தனத்தோடு உட்கார்ந்து அழுவாள் என்று எனக்கு மனசு வரவில்லை. பட்டன் எதற்கு, கால்களை எப்படிச் சமமாக வெட்டவேண்டும் என்று நானே ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன்.

திவ்யாவுக்குப் பெண் குழந்தை. இப்போது எனக்கு வருகிற ஆர்டரில் பாதியை அவள்தான் செய்கிறாள். அவள் பக்கத்தில் தூளித் தட்டு போடும்போதெல்லாம் "எங்க தட்டு அக்கா டிசைன்" என்று எழுதுகிறாள். என் வீட்டில் மட்டும் எனக்கு மானம் போனது போனதுதான். ரேஷன் கடைக்கோ, மின்சார ஆபீசுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ நான் கோபமாகக் கிளம்பினால் போதும், கணவர் ஒரு காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். "சண்டைக்குத்தானே போற? வரும்போது எனக்கும் கொஞ்சம்."

போன வாரம் திவ்யா போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதற்கு மேல் இவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஐயப்பந்தாங்கல்ல ஒருத்தி நம்ம தூளித் தட்டை அப்டியே சுட்டுப் போட்டுகீறா. பட்டனோட. உட்டா இன்னும் ஏறிப்பாங்க. நேர்ல போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும். நீங்க வர்றீங்களா இல்லியா?"

நம்ம தூளித் தட்டு என்று சொன்னாளே, அதிலேயே எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை போவோம். நல்ல புடவையா கட்டிக்கிட்டு வா" என்றேன்.

சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கணவர் இரண்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தார்.