ஒரு ஆளுக்கு ஒரே கோடு

கணினிப் படிப்பில் கிராஃப் என்ற பாடத்தைப் படிக்கிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஒரு வியாதி இருக்கும். மனிதர்களெல்லாம் புள்ளியாகத் தெரிவார்கள். இரண்டு பேருக்குள் ஏதாவது தொடர்பு இருந்தால் நடுவில் ஒரு கோடு. ஆரம்பப் பாடம் அவ்வளவுதான். அப்புறம் கேள்விகள்: எந்தப் புள்ளிக்குக் கோடு அதிகம், எந்த வழி சுருக்கம், எந்தப் புள்ளியை எடுத்தால் படம் இரண்டு துண்டாகும். பேருந்து நடத்துநரைப் பார்த்தால்கூட எனக்கு 'நிறைய கோடு உள்ள புள்ளி' என்றுதான் தோன்றும். (வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.)

அது முற்றியிருந்த நேரத்தில்தான் அப்பா இறந்தார்.

அப்பா வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் சென்னையில் மென்பொருள் வேலை, கூடவே மாலை வகுப்பில் மேற்படிப்பு; விடுமுறைக்கு வந்திருந்தேன். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை. அன்று பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிடும். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"ரெண்டு மணிக்குள்ள எடுத்துடணும். அப்புறம் சுடுகாட்டுக்கு வழி கெடைக்காது," என்றார் சித்தப்பா, அப்பாவின் தம்பி.

அம்மா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

செல்போன் வராத காலம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். சித்தப்பா நினைவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அடித்தார். அவர்கள் மற்றவர்களுக்கு அடித்தார்கள். வேலூரில் ஒருவருக்கே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. (துக்கம் அல்ல, வீண் வேலை.)

"சித்தப்பா, இப்படிப் பண்ணா லைனே கெடைக்காது. ஒரு ஆளுக்கு ஒரு தடவ சொன்னா போதும். நான் படம் போட்டுத் தரேன்."

"என்னா படம்மா?"

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் புள்ளி. ஒரு புள்ளிக்குள் ஒரே ஒரு கோடுதான் நுழையும். ஒருத்தரும் விடுபட மாட்டார்கள், ஒருத்தருக்கும் இரண்டு முறை செய்தி போகாது. பாடத்தில் இதற்கு மரம் என்று பெயர். கூடவே ஒரு கட்டளையும் போட்டேன்: அவரவர் கோட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் அடிக்கக் கூடாது.

"ஏம்மா, நாலு பேரு சொன்னா என்னா?" என்றார் அம்மாவின் அக்கா.

"ஜாஸ்தி ஆயிடும், பெரியம்மா."

"துக்கம் கூடவா ஜாஸ்தி ஆவும்?"

"போனு!"

அப்பனைப் பறிகொடுத்த பெண், படித்தவள் வேறு. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கோடு கோடாக டிக் போட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு அழகான படம் போட்டதில்லை என்றுகூட நினைத்தேன்.

மதியம் எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பாவின் ஒரே தங்கையைத் தவிர.

"அத்தை எங்கம்மா?" என்றார் சித்தப்பா.

அத்தை இருப்பது கீழ்பென்னாத்தூரில். வீட்டில் போன் கிடையாது. காலமான பெரியப்பாவின் மகன் சங்கர் அண்ணன் அவளுக்கு அடுத்த தெருவில் உரக்கடை வைத்திருந்தான். கடையில் போன் உண்டு. ஆகவே சங்கர் அண்ணனிலிருந்து அத்தைக்கு ஒரு கோடு. படத்திலேயே மிகச் சின்னக் கோடு.

"சங்கர் அண்ணன் சொல்லியிருப்பாரு," என்றேன்.

சங்கர் அண்ணன் பந்தலுக்குள்தான் நின்றிருந்தான். "நானா? சொல்லச் சொன்னாங்கதான். ஆனா அந்தக் கொல்லைக்குப் போற வழித் தகராறுல இருந்து அத்தைகிட்ட பேச்சே இல்லியேம்மா. கூடப்பொறந்தவங்களுக்கு நீங்க தனியா சொல்லாமயா இருப்பீங்கன்னு கடையப் பூட்டிட்டு ஓடியாந்துட்டேன்."

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார் பெரியம்மா.

"நானும்தான். கோட்ட வுட்டுத் தாண்டக் கூடாதுன்னுச்சே பொண்ணு," என்றார் இன்னொருவர். பந்தலில் பாதிப் பேர் சொல்லலாம் என்றுதான் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அத்தையும் சங்கர் அண்ணனும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேனே! அப்போதுதான் நினைவை ஒழுங்காகப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார். "அண்ணா, அவனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு," என்று அத்தை கேட்க, "போதுமாம்," என்று அப்பாதான் சொன்னார். நான் கோடு என்று நினைத்தது அப்பாவை. எந்தப் புள்ளியை எடுத்தால் படம் துண்டாகும் என்று பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள், அந்தப் புள்ளியைப் படத்தில் போடவே இல்லை. இறந்தவருக்கு யார் தகவல் சொல்லப்போகிறார்கள்?

அத்தையை அழைத்துவர பெரியம்மா மகன் பைக்கில் பறந்தான். சித்தப்பா மூன்று மணிவரை தாங்கினார். வெளியே சாலை நிறைந்துகொண்டிருந்தது. "இதுக்கு மேல முடியாதும்மா," என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டு, அப்பா கிடந்த இடத்தில் விளக்கேற்றியிருந்தபோது அத்தை வந்தாள். கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், காலில் செம்மண். ஊர் எல்லையில் போலீஸ்காரர்கள் பைக்கை விடாததால், கூட்டத்துக்கு எதிரே நடந்தே வந்திருக்கிறாள்.

"ஒருத்தரு கூடவா எனக்குச் சொல்லல?"

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான் அத்தை," என்றேன்.

அவள் திட்டவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "மொகம் எப்பிடிடி இருந்துது?"

"தூங்கற மாதிரி இருந்துது அத்தை. நெத்தியில விபூதி."

"சவரம் பண்ணியிருந்தானா? வாய் மூடியிருந்துதா?"

தெரியவில்லை. காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது நாள்காட்டித் தாளை. நானும் அப்பாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் அண்ணனுக்காகச் சேர்த்துவைத்திருந்த அழுகையை என் முதுகின்மேல் அழுது தீர்த்தாள்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும், காதுகுத்தோ காய்ச்சலோ, எல்லாரும் முதலில் அத்தைக்குத்தான் அடிக்கிறார்கள். சங்கர் அண்ணன் போனில் சொல்வதில்லை. நேரில் போய் வாசலில் நின்று சொல்கிறான். "கோடு போட ஆரம்பிச்சிடப் போறா, சீக்கிரம் அடிங்க!" என்று என்னைக் காட்டி எல்லாருக்கும் ஒரு சிரிப்பு வேறு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அத்தையிடம் நானே சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து அடித்தேன். அவள் வீட்டிலும் போன் வைத்து வெகுநாள் ஆகியிருந்தது. லைன் எந்நேரமும் பிஸி. மாலையில்தான் கிடைத்தாள். சொன்னேன்.

"அப்படியா கண்ணு!" என்று முதன்முதலாகக் கேட்பதுபோல் கூவினாள்.

பின்னாலிருந்து அவள் மகளின் குரல் கேட்டது: "காலையிலேர்ந்து வர்ற ஒவ்வொரு போனுக்கும் இதேதான் சொல்லிட்டிருக்குது, பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. வேணாம்னாலும் போன வெக்க மாட்டேங்குது."