பம்ப்தான், சந்தேகமே வேண்டாம்

எந்தப் பொட்டல்வெளியில் வேண்டுமானாலும் ஒரு காரை நிறுத்திப் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அதன் பக்கத்தில் ஒரு மனிதர் முளைத்திருப்பார். எங்கிருந்து வந்தார், யார் கூப்பிட்டார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. இரண்டு கைகளையும் மட்கார்டில் ஊன்றி, தலையை உள்ளே விட்டு, மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, "ம்ம்ம்" என்பார். அந்த 'ம்ம்ம்'முக்குள் நாற்பது வருட அனுபவம் இருக்கிறது. எதில் அனுபவம் என்பது தனி விசாரணை.

இந்த இனத்துக்குப் பானெட் பண்டிதர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் யராபின் ஊரில் ஜனத்தொகை முன்னூற்றுப் பன்னிரண்டு. பண்டிதர்கள் நூற்று ஐம்பதுக்குக் குறையாமல் இருப்பார்கள். மற்றவர்கள் பெண்கள்.

பண்டிதர்களில் தலைமைப் பண்டிதர் கிளைவ் பாஸ்கோ. முப்பத்தைந்து வருடம் கோதுமைக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டவர். மெக்கானிக் வேலை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் என்ன? "எத்தனாயிரம் லாரிய எடை போட்டிருக்கேன், அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்பார்.

அவருடைய நிரந்தர நோயாளி, அடுத்த வீட்டு நெரீல் டன்ஸ்டனின் எழுபத்தெட்டாம் வருடத்து ஸ்டேஷன் வேகன் கார். அதற்கு வந்த வியாதி விசித்திரமானது. கடைக்குப் போகும், சர்ச்சுக்குப் போகும், சமர்த்தாகத் திரும்பி வரும். நீண்ட சாலையில் விட்டால் மட்டும் நாற்பது கிலோமீட்டர் ஓடி, இரண்டு முறை இருமி, படுத்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எழுந்துகொள்ளும்.

அந்த முக்கால் மணி நேரம்தான் கிளைவுக்குப் புகழ் சேர்த்தது. நெரீல் போன் செய்து, அவர் தொப்பியைத் தேடி, வண்டி எடுத்து வந்து சேர்வதற்குச் சரியாக அவ்வளவு நேரம் ஆகும். வந்து, ஸ்பேனரால், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பின் தலையில் இரண்டு தட்டு தட்டி, "இப்ப சாவியத் திருப்பும்மா" என்பார். கார் கிளம்பும். கிளம்பாமல் என்ன செய்யும்?

"பம்ப்தான். சந்தேகமே வேண்டாம்."

பம்ப் மாற்றப்பட்டது. கார் நாற்பதாவது கிலோமீட்டரில் நின்றது. புதுப் பம்ப்பே கோளாறு என்று தீர்ப்பாகி, அதுவும் மாற்றப்பட்டது. நின்றது. ஃபில்டர், குழாய்கள் என்று வரிசையாகப் பலி கொடுத்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றி, நெரீலின் சாப்பாட்டு மேஜையில் நல்ல துண்டின்மேல் பரப்பி, ஒன்பது நாள் வைத்திருந்து, ஒரு ஸ்க்ரூ மிச்சத்துடன் திரும்பப் பூட்டினார். கடைசியில், வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது என்று கண்டுபிடித்து, அவள் கொடியிலிருந்து மரக் கிளிப்புகள் பதினாலை உருவிப் பெட்ரோல் குழாய் முழுக்க மாட்டினார். அன்று மாலை நெரீலின் படுக்கை விரிப்புகள் மூன்றாம் வீட்டு வேலியில் கிடந்தன. கார் நாற்பதாவது கிலோமீட்டரில் கிடந்தது.

நெரீல் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"கிளைவ், டேங்க் மூடியத் திறக்கறப்ப புஸ்ஸுன்னு மூச்சு இழுக்குது. நான் போட்டு வைக்கிற பீச் பழப் பாட்டில் மூடி மாதிரி."

"பழைய வண்டிம்மா. பெருமூச்சு விடத்தான் செய்யும்."

"விடல, இழுக்குது."

"நீ பாட்டிலப் பாரு. பம்ப்ப நான் பாத்துக்கறேன்."

அந்த மூடி, போன கிறிஸ்மஸுக்குக் கிளைவ் அன்போடு கொடுத்த பரிசு. ஊரில் எவனோ பெட்ரோல் திருடுகிறான் என்று கேள்விப்பட்டு, வேறேதோ வண்டியின் பூட்டு மூடியைத் தேடிப் பிடித்து, தன் கையாலேயே திருகிக் கொடுத்தார். வியாதி ஆரம்பித்ததும் போன கிறிஸ்மஸ்தான். தேதிகள் இப்படி முகத்தில் அடித்தாற்போல் நிற்கும்போதும் பண்டிதர் பார்க்க மாட்டார். மூடி இருப்பது காரின் பின்பக்கம்; பண்டிதர்கள் முன்பக்கத்து ஆட்கள்.

இதெல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும், மே மாதத்தில் நெரீலின் அக்கா கிளெனிஸ் அறுபத்து மூன்றாவது வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால். மணப்பெண்ணுக்குத் தோழியாக நிற்க வேண்டியவள் நெரீல். பூங்கொத்தோடு நாற்பதாவது கிலோமீட்டரில் நின்றாள். போய்ச் சேர்ந்தபோது கேக்கையே பெட்டியில் கட்டிவிட்டிருந்தார்கள். கிளெனிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதம் பேசவில்லை. பிறகு நவம்பரில் ஒரு கார்டு வந்தது: 'வியாழக்கிழமை பஸ்ஸில் வடக்கே போகிறேன். கொபின் முக்கில் ஒரு மணிக்கு டீக்காகப் பத்து நிமிடம் நிற்கும். நீ இருந்தால் இறங்குகிறேன். இல்லாவிட்டால் பஸ்ஸோடு போய்விடுகிறேன். இனி எழுத மாட்டேன்.'

கொபின் முக்கு, யராபினிலிருந்து எழுபது கிலோமீட்டர்.

வேறு வண்டி கேட்கலாமே என்பீர்கள். கிளைவிடம் கேட்டாள். "என் வண்டியா? அப்ப என் ரிப்பேர் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நம்பிக்கையை நிரூபிக்க அவரும் கூடவே ஏறிக்கொண்டார், மடியில் ஸ்பேனரோடும் கிளிப் பையோடும்.

பதினொன்றரைக்குப் புறப்பட்டார்கள். பன்னிரண்டுக்கு, நாற்பத்தோராவது கிலோமீட்டரில், கார் இரண்டு முறை இருமியது.

"ஒரு கிலோமீட்டர் கூட வந்திருக்கு, கவனிச்சியா? கிளிப் வேலை செய்யுது," என்றார் கிளைவ்.

பானெட் உயர்ந்தது. அவ்வளவுதான். செம்மறி ஏற்றிய லாரியொன்று ஓரம் கட்டியது. தண்டக் என்ற டிரைவர் குதித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கேரவன் இழுத்து வந்த ஒருவர், மனைவியைச் சீட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஆளே இல்லாத அந்தச் சமவெளியில் மோட்டார் சைக்கிளில் வேறு ஒருவர் எப்படி வந்தார் என்பதை ஆண்டவன்தான் சொல்ல வேண்டும். நாலு முதுகுகள் வரிசையாகக் குனிந்தன.

"கார்புரேட்டர் மிதவை ஒட்டிக்கிச்சு, மாப்ள."

"போய்யா, இது கரன்ட் பிரச்சினை. காயிலத் தொட்டுப் பாரு."

"தொட்டுப் பாத்துட்டுத்தான் பேசறேன். பம்ப்."

"பம்ப் புதுசுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"புதுசுன்னா கெடக்கூடாதுன்னு சட்டமா?"

"என்னைய யாராவது கொபின் முக்குல விடறீங்களா? எங்க அக்கா அங்க..." என்றாள் நெரீல்.

"ஒரு நிமிஷம்மா," என்றன நாலு முதுகுகளும். கவனியுங்கள்: அங்கே ஓடக்கூடிய வண்டிகள் மூன்று நின்றன. ஓடாத வண்டியைச் சுற்றித்தான் எல்லாரும் நின்றார்கள்.

பன்னிரண்டு இருபது. நெரீல் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அழுவதா, டீ குடிப்பதா என்று யோசித்து, டீ என்று முடிவு செய்தாள். பிளாஸ்க்கை எடுத்தாள். பால் டின்னில் கத்தி முனையால் ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. எத்தனை வருடப் பழக்கமோ, கை தானாகவே எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டையைப் போட்டது. பால் கெட்டியாக, தாராளமாக, நூல் அறாமல் இறங்கியது.

நெரீல் டின்னைப் பார்த்தாள். தலையைத் திருப்பி டேங்க் மூடியைப் பார்த்தாள்; அதில் காற்று நுழைய ஓர் ஓட்டைகூட இல்லை. மறுபடி டின்னைப் பார்த்தாள். டம்ளர் நிரம்பி வழிந்தது.

மூடியின் பூட்டைத் திறந்தாள். புஸ்ஸ்ஸ் என்று டேங்க் நீளமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்து, கைக்குட்டையால் ஒரு கட்டு போட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. நாலாவது முறை இன்ஜின் உறுமியது.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஆரவாரம்.

"பாத்தீங்களா! நான் தட்டினேன்!"

"நீங்க எங்க தட்டினீங்க? நான் காயில் ஒயர அசைச்சேன்!"

"பதினஞ்சாவது கிளிப்பு, மாப்ள. அதுதான்!"

"பானெட்ட மூடுங்க," என்றாள் நெரீல். மூடினார்கள். மூடியபின் எந்தக் கையால் கார் பிழைத்தது என்று தீர்மானிக்க நடுச்சாலைக்கு நகர்ந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். கிளைவ் ஏறவில்லை என்பதை அவள் கவனித்தாள்; கிளைவ்தான் கவனிக்கவில்லை.

நாற்பதாவது கிலோமீட்டரின் பிசாசு அதன்பிறகு வரவில்லை. முக்கில் பஸ் கதவு திறந்தபோது மணி ஒன்று அடித்து ஒரு நிமிடம். கிளெனிஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்று, முதலில் வாட்சைப் பார்த்தாள், அப்புறம் தங்கையை, அப்புறம் காரை.

"ஓடுதாடீ இது?"

"இறங்கிப் பாருக்கா."

கிளெனிஸ் இறங்கினாள். ஆறு மாதத்துக் கோபத்தையும் பெட்டியையும் தங்கையிடம் கொடுத்தாள். "யாரு சரி பண்ணது?"

"பால் டின்னு. வண்டில ஏறு, சொல்றேன்."

திரும்பும் வழியில், நாற்பத்தோராவது கிலோமீட்டரில், அந்த நாலு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். இப்போது செம்மறி லாரியின் பானெட் திறந்திருந்தது. அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த லாரி. கிளைவின் குரல் உள்ளிருந்து கேட்டது: "பம்ப்தான்."

நீங்கள் சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கார் முதல் தடவை இருமியதுமே, உங்கள் மனசுக்குள் ஒரு குரல் 'கார்புரேட்டர்' என்று தீர்ப்பு எழுதவில்லையா? விஷயம் தெரிந்த பிறகும், 'கைக்குட்டை கட்டியது தப்பு, நானாக இருந்தால்...' என்று ஆரம்பிக்கவில்லையா? நெரீலின் அக்காவைக் கூட்டி வர உங்கள் வண்டியைக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு கணமாவது தோன்றியதா?

தோன்றவில்லை அல்லவா. சரி, மெதுவாகக் கையை எடுங்கள். பானெட்டை மூடப் போகிறேன்.