நெறிமுறைக் கையேட்டுக்கு முப்பத்து மூன்று மதிப்பெண்

என் மனைவியின் ஒரே தம்பியும் ஆசிரியர் சான்று வாரியத்தின் தபால் பிரிவு எழுத்தருமான சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு, எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாராகிய உன் அக்காள் கணவன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காளும் எங்கள் மாடிப்படிக்கு மேலே ஒழுகும் ஒழுகலும் நலம். அங்கு நீயும் உன் குடும்பமும் உன் மேசைக்கு மேலே சுற்றாமல் நிற்கும் மின்விசிறியும் நலந்தானா என்று அறிய ஆவல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சிபாரிசு கேட்டு எழுதும் கடிதம் அல்ல. உங்கள் வாரியத்தின் நெறிமுறைக் கையேட்டில் ஒன்பதாம் விதி, சான்று பெறுவதற்கு உறவினரை நாடக் கூடாது என்கிறது. உன் அக்காளிடம் அதை வாசித்துக் காட்டினேன். "என் தம்பி அந்த ஆபீஸ்லயேதானே உக்காந்திருக்கான்? ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள். நான் ஒன்பதாம் விதியை மறுபடி வாசித்தேன். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களிடம் பேச ஆரம்பித்தாள்.

ஆசிரியர்களுக்குச் சான்று வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. பல்லைப் பிடுங்குகிறவனிடம் சான்று கேட்கிறோம், பேருந்து ஓட்டுகிறவனிடம் கேட்கிறோம். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்துவைத்துப் பின்னத்தைப் போதிக்கிறவனை மட்டும் நம்பி விடுவது ஆபத்துதான். ஆனால் அடுத்த மாதம் முதல் தேதிக்குள் சான்று வராவிட்டால் இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்திய நான் வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது. கிடங்கு அறையில் உட்கார்ந்து உடைந்த பெஞ்சுகளை எண்ண வேண்டும். என் எட்டாம் வகுப்பு விளையாட்டு வாத்தியார் கைக்குப் போகும். அவர் இப்போதே, "கணக்குதானே சார்? ரெண்டு டீமாப் பிரிச்சு விட்டா தானா வந்துரும்" என்கிறார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நடந்ததைக் கேள். வாரியம் எல்லாருக்கும் கையேட்டில் இரண்டு பிரதி அனுப்பியது. ஒன்றைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும், மற்றதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் படிக்க உட்கார்ந்தேன். சாயங்கால வேளை, மேசையில் பரீட்சைத் தாள் கட்டு, கையில் சிவப்பு மை. பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கிறேன், கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சரி, எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவானேன் என்று முடித்தேன். இருபது விதி, விதிக்கு ஐந்து மதிப்பெண். 'ஆசிரியர் எல்லா நேரத்திலும் முன்மாதிரியாக விளங்க வேண்டும்' என்ற மூன்றாம் விதிக்குப் பக்கத்தில், 'எல்லா நேரமும் என்றால் குளிக்கும் நேரமும் உண்டா? உதாரணம் தருக' என்று எழுதி ஒரு மதிப்பெண் போட்டேன். நாலாம் விதியும் பதினோராம் விதியும் ஒரே மாதிரி இருந்ததால், 'பக்கத்தில் பார்த்து எழுதியது' என்று இரண்டுக்கும் பூஜ்யம். 'மாணவர் மனத்தில் நற்பண்பை வளர்க்க வேண்டும்' என்பதற்கு, 'வழிமுறை காட்டப்படவில்லை'. முகப்பில் வட்டமிட்டு நூற்றுக்கு முப்பத்து மூன்று, தேர்ச்சி இல்லை, பெற்றோரை அழைத்து வரவும். பழக்க தோஷத்தில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் அவசரத்தில் அந்தப் பிரதியைத்தான் உறையில் இட்டு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

அது அங்கே போய்ச் சேர்ந்த வாரத்தில், என் பாடத்தைப் பார்வையிட ஓர் அம்மாள் வந்தார். கடைசி பெஞ்சில் படிவத்துடன் உட்கார்ந்தார். ஆறாம் விதிப்படி, தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் தப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக் கூடாது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். இரண்டாவது வரிசையில் எங்கள் வாயாடி எழுந்து, "அம்பத்து நாலு சார்" என்றாள்.

"நல்ல முயற்சி" என்றேன்.

"அப்போ சரியா சார்?"

"சரிக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டே. உன் சிந்தனையை மதிக்கிறேன்."

வாயாடிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க சார். நீங்க இப்படிப் பேசுறது பயமா இருக்கு" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "டேய், சாருக்கு உடம்பு சரியில்லடா, யாராவது போய் ஹெட்மாஸ்டரைக் கூட்டிட்டு வாங்கடா" என்றான். பார்வையாளர் அம்மாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன எழுதினார் என்று தெரியாது. நிறைய எழுதினார்.

போன திங்கட்கிழமை விசாரணைக்கு அழைத்தார்கள். மாடியில் நீளமான அறை, மூன்று பேர். நடுவில் தலைவர், இடப்பக்கம் வக்கீல், வலப்பக்கம் கையேட்டை எழுதிய கல்வியியல் முனைவர் அம்மாள். என் பிரதி மேசை நடுவில் சிவப்பாகக் கிடந்தது.

"கையெழுத்து இருக்கு, ஃபெயில்னும் இருக்கு. இதை நீங்க ஏத்துக்கிட்டீங்களா, இல்லையா?" என்றார் தலைவர்.

"எங்கிட்ட ஃபெயிலான பிள்ளைகளையும் நான் ஏத்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

"பெற்றோரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கீங்களே, வாரியத்துக்குப் பெற்றோர் யாரு?"

"சட்டப்படி பார்த்தா அரசாங்கம்தான்" என்றார் வக்கீல். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

முனைவர் அம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ரெண்டு வருஷம் உக்காந்து எழுதினேன். ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து நான் எதுலயுமே ஃபெயிலானதில்ல. மூணாவது விதிக்கு அஞ்சுக்கு ஒண்ணா? ஒரு பாதியாவது போடக் கூடாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் சங்கடமாக இருந்தது. தேர்வு முடிவன்று என் மேசைக்கு முன்னால் நிற்கிற முகம்தான் அது, வயசுதான் கூட.

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பாருங்க சார், முப்பத்தஞ்சு பாஸ். ரெண்டே ரெண்டு மார்க்கு. கொஞ்சம் கருணை காட்டி முப்பத்தஞ்சு ஆக்கிட்டு, கீழே கையெழுத்துப் போடுங்க. உங்க சான்று இன்னிக்கே ரெடி. இதோ பேனா." பேனாவும் சிவப்பாகவே வைத்திருந்தார்.

மாப்பிள்ளை, அந்த நிமிஷம் கிடங்கு அறை என் கண் முன்னால் வந்தது, உடைந்த பெஞ்சுகளோடு. விளையாட்டு வாத்தியாரும் வந்தார், விசிலோடு. ஆனால் அந்தக் கையேட்டிலேயே நான் ஐந்துக்கு ஐந்து போட்ட விதி ஒன்றே ஒன்றுதான், பதினாலாம் விதி. அதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன்: 'பெற்றோர், உற்றார், மேலதிகாரி எவர் வற்புறுத்தினாலும் ஆசிரியர் மதிப்பெண்ணை உயர்த்தக் கூடாது.' "இதை எழுதின கைக்கு நான் எப்படி மேடம் கருணை மார்க் போடுவேன்?" என்றேன்.

தலைவர் பேனாவை மூடி, "வீட்டுக்குக் கொண்டு போய் யோசிச்சுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க" என்று பிரதியை என்னிடமே தந்தார். யோசிக்க என்ன இருக்கிறது? முப்பத்து மூன்று முப்பத்து மூன்றுதான். பெஞ்சு எண்ணச் சொன்னால் எண்ணுவேன். அதிலும் கணக்கு இருக்கிறது. ஆகவே நீ எவரிடமும் போய் என் பெயரை எடுக்க வேண்டாம். தலைவரை வராந்தாவில் பார்த்தாலும் ஒதுங்கிப் போ. நேர்மையாக இருந்து வேலை போயிற்று என்பது, வேலையிலிருந்து நேர்மை போயிற்று என்பதைவிட எவ்வளவோ மேல். உன் அக்காள் இதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். குழந்தைகள் வாய்ப்பாட்டைத் தினம் ஒருமுறை சொல்லட்டும். எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: பிரதியைத் திருப்பி அனுப்பும் உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கூட்டிப் பார்ப்போமே என்று அதைப் புரட்டினேன். முன்பு கூட்டியபோது பதினாறாம் பக்கத்திலிருந்து நேரே பத்தொன்பதாம் பக்கத்துக்குத் தாவி, நடுவில் ஒரு தாளைப் புரட்டாமலே போயிருக்கிறேன். அதில் நான் போட்ட நாலு மதிப்பெண் கூட்டலில் விட்டுப்போயிருக்கிறது. சரியான மொத்தம் முப்பத்தேழு. கையேடு தேர்ச்சி! ஒரு நொடியும் தாமதிக்காமல் 'கூட்டல் பிழைக்கு வருந்துகிறேன்' என்று எழுதி, பிரதியைத் தலைவர் பெயருக்குத் தபாலில் போட்டுவிட்டேன். கூட்டும்போது நாங்கள் எண்ணைத்தான் பார்ப்போம், எழுத்தைப் பார்க்க மாட்டோம். தபால் பெட்டியிலிருந்து திரும்பும் வழியில்தான் அந்த நாலு மதிப்பெண் எதற்குப் போட்டது என்று நினைவு வந்தது. பத்தொன்பதாம் விதி: 'கூட்டலில் பிழை செய்யும் ஆசிரியரின் சான்று ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படும்.' அதற்குப் பக்கத்தில் நான், 'போதாது, இரண்டு வருஷம் ஆக்குக' என்று எழுதியிருந்தேன். என் திருத்தங்களில் அது ஒன்றுக்கு மட்டும் வாரியம் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தியிருந்தது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் நீ படித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதம் வரும் தபாலிலேயே உன் மேசைக்கு ஒரு பழுப்பு உறையும் வரும். அதை ஏதும் செய்யும்படி நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் தபால்கள் தாமாகவே தொலைந்துபோவது உண்டு என்று நீ ஒருமுறை சொன்னதாக உன் அக்காள் சொல்கிறாள். அதற்குச் சாதாரணமாக எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் மறு தபாலில் தெரிவிக்கவும்.