மாமனாரின் கையெறிகுண்டில் இரண்டு ஓட்டை

தர ஆய்வாளனாக வேலை பார்க்கிறவனுக்கு உலகத்தில் எதுவுமே சரியாக இருக்காது. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் என் வேலை, சப்ளையர்கள் கொண்டுவரும் வார்ப்புகளில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. (முகூர்த்தத்தில் தாலியையே புரட்டிப் பார்த்தேன் என்று என் மனைவி கவிதா சொல்வாள். லேசாகத்தான் பார்த்தேன்.)

கவிதாவின் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்றத்தூர் வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரி நிறையப் பழைய ராணுவச் சாமான்கள். தண்ணீர்க் குப்பி, பெல்ட் பக்கிள், திசைகாட்டி என்று ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ச்சீட்டு. சீட்டு இல்லாமல் இருந்தது ஒரு பயிற்சிக் கையெறிகுண்டு மட்டும்தான். உள்ளே மருந்து கிடையாது. அது எல்லாருக்கும் தெரியட்டும் என்று வெள்ளை பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டிருந்தார்கள். வழக்கமான அன்னாசிப்பழக் கட்டங்கள் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்ததால், எந்த நாட்டுச் சரக்கென்று அவருக்கே பிடிபடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டாளத்து நண்பர்கள் அந்த அலமாரியைப் பார்க்க வருவதாக வேறு இருந்தது.

கல்யாணமானதிலிருந்து அந்த மனிதர் என்னிடம் பேசியது "சாப்ட்டீங்களா?" மட்டும்தான். அவர் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

"பெயிண்டுக்கு அடியில ஏதோ எழுத்து தெரியுது மாமா. குடுங்க, எந்த ஊர் குண்டுன்னு கண்டுபிடிச்சுத் தரேன்."

"பத்திரம் மாப்ள. உசுரு மாதிரி வச்சிகினு இருக்கேன்."

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு வார்ப்பு சப்ளை செய்யும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் முத்துப்பாண்டி திருநெல்வேலிக்காரர். "நல்லா க்ளீன் பண்ணி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன். சாயங்காலம் போனால், துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார்.

"ஒரு குறை சொல்ல முடியாது சார், பாத்துக்கிடுங்க."

நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆயுளில் நான் சோதிக்காமல் வாங்கிய ஒரே பீஸ் அதுதான்.

தண்டலம் அருகே போலீஸ் வாகன சோதனை. ஏட்டு ஸ்கூட்டர் டிக்கியில் இருந்த துணி மூட்டையைக் காட்டினார்.

"இன்னாபா இது?"

"பழைய பயிற்சிக் குண்டு சார். டம்மி. வெள்ளையா, ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கும், பாருங்க" என்று பெருமையாகப் பிரித்தேன்.

வெள்ளையும் இல்லை, ஓட்டையும் இல்லை. நேற்றுத்தான் செய்தது போலப் பளபளவென்று ஓர் அசல் வெடிகுண்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டையைத் தேடி இப்படிப் புரட்டினேன், அப்படிப் புரட்டினேன்.

"யோவ், ஆட்டாதய்யா! கீழ வய்யி!"

பின்னால் வரிசையில் நின்றவர் பைக்கைப் போட்டுவிட்டே ஓடினார்.

மாமனாருக்குப் போன் செய்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"இது என்னுது இல்ல சார்."

அடப்பாவி மனுஷா! ஜெயிலில் களி தின்னும் காட்சியே எனக்குக் கண் முன்னால் வந்துவிட்டது. "நல்லாப் பாருங்க மாமா!"

"என்னுதுல ஓட்டை இருக்கும். இது யாருதோ."

அழாத குறையாக முத்துப்பாண்டியைப் போனில் பிடித்தேன். ஏட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஓட்டையா சார்? வெல்டு வச்சு அடைச்சாச்சுல்லா! ஓட்டை இருந்தா நீங்க ரிஜெக்ட் பண்ணிருவியளே. அடியில என்னமோ எழுத்து வேற இருந்துச்சு, அதையும் தேச்சு எடுத்தாச்சு. லீக் டெஸ்ட்டும் போட்டாச்சு சார், காத்து கூடப் போவாது!"

மாமனார் குண்டை எடுத்து, அடிமூடியைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே வெறுமை. ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு எங்களைப் போக விட்டார். குன்றத்தூர் வரை மாமனார் "சாப்ட்டீங்களா" கூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் புதுச் சீட்டு: 'பயிற்சிக் கையெறிகுண்டு. நாடு தெரியாது. பழுதுபார்த்தவர்: மாப்பிள்ளை.' நண்பர்கள் ஏன் என்று கேட்டதும் மனிதர் வாயைத் திறந்தார் பாருங்கள், அன்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் அந்தக் கதையைச் சொல்கிறார்.

தீபாவளிக்குப் போனால் எல்லார் இலையிலும் நடுவில் ஓட்டை போட்ட மெதுவடை. என் இலையில் மட்டும் மாமியார் ஓட்டை இல்லாமல் தட்டிய வடை.

"தைரியமா சாப்டுங்க மாப்ள" என்பார் மாமனார். "லீக் டெஸ்ட் போட்டாச்சு."