பம்ப்செட் சுபேதாரின் கூடாரம்

தூங்கிக்கொண்டே எதிரிப் படையை விரட்டக்கூடியவர் கோவை ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கல்லூரி என்.சி.சி. பயிற்சியாளர் பம்ப்செட் சுபேதார். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடுகிற பம்ப்செட் எப்படி அலறும்? அதுதான் அவருடைய குறட்டை. முகாமில் அவருக்கு மட்டும் தனிக் கூடாரம். பதவிக்காகக் கொடுத்த மரியாதை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் திருத்தவில்லை.

பல்லடத்துக்காரர். எத்தனையோ வருஷம் எல்லையில் இருந்தும் ஊர் மரியாதை அவரை விடவில்லை. வசவிலும் 'ங்க' இருக்கும். "ஏனுங்க எருமை, காலைத் தூக்கி வையுங்க!" என்பார். எருமையும் வைக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆண்களை விரும்பும் ஆண்களை ராணுவத்தில் சேர்க்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய ரகளை. சேர்க்காத ராணுவத்துக்குத் தங்கள் வளாகத்தில் பயிற்சி நடத்த இடமில்லை என்று அங்கே சில பல்கலைக்கழகங்கள் முரண்டு பிடித்தன. பேப்பரில் படித்துவிட்டு நாங்களும் பட்டிமன்றம் வைத்தோம். நடுவர் சுபேதார்.

என் வகுப்புத் தோழன் செந்தில், அந்தப் பல்கலைக்கழகங்கள் செய்தது சரி என்று பேசினான்.

"என்ற வேலைக்கே வேட்டு வெக்கறீங்களே, கண்ணு!" என்றார் நடுவர். அரங்கம் சிரித்தது.

எதிரணி லோகநாதன் எழுந்து, "உனக்கேன்டா இவ்வளவு அக்கறை?" என்றான்.

"எனக்காகத்தான்" என்றான் செந்தில்.

அரங்கத்தில் எல்லோரும் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுபேதார் மட்டும் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா செந்தில் கண்ணு ஒருத்தருதான் நேரா நின்னு பேசுனாருங்க. பரிசு அவருக்குத்தானுங்க."

பரிசாகக் கிடைத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். கூடவே கல்லூரி முழுக்கக் கிசுகிசு.

அடுத்த வாரம் கொடுமுடியில் முகாம். அதை முடித்தால்தான் சான்றிதழ். அது இல்லாவிட்டால், பள்ளி நாளிலிருந்து செந்தில் கண்ட ராணுவக் கனவு அம்பேல். கூடாரத்துக்கு இரண்டு பேர். செந்திலோடு போடப்பட்ட லோகநாதன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வேறு யாரும் உள்ளே போகவும் தயாரில்லை.

எங்கள் பொறுப்புப் பேராசிரியர் கையைப் பிசைந்தார். "வம்பெதுக்குங்க சுபேதார்? அந்தப் பையனை ஊட்டுக்கு அனுப்பிருங்க."

செந்தில் தலை குனிந்து பெட்டியைக் கட்டத் தொடங்கினான்.

சுபேதார் மீசையைத் தடவினார். "எதுக்குங்க அனுப்போணும்? செந்திலோட இருக்க முடியாதவங்க கவலையே பட வேண்டாமுங்க. என்ற கூடாரத்துல தாராளமா எடமிருக்குது. லோகநாதன் கண்ணு, படுக்கையை எடுத்துட்டு வாங்க போலாம்."

லோகநாதன் முகத்தில் ஈயாடவில்லை. "சார்... செந்தில் நல்ல பையனுங்க சார்!"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

லோகநாதன் செந்திலின் கூடாரத்துக்கே திரும்ப ஓடினான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் படுக்கையோடு ஓடினார்கள். இரண்டு பேர் கூடாரத்துக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டதைப் பார்த்து செந்திலே சிரித்துவிட்டான்.

பேராசிரியருக்கு மனசு ஆறவில்லை. "ராணுவத்துல இதை ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்கதானுங்க. சட்டம் எனக்குந் தெரியும். ஆனா பனியில காவல் நிக்கறப்ப, பக்கத்துல இருக்கறவன் முழிச்சிருக்கானான்னுதானுங்க நான் பாத்தேன். அவன் மனசுல யாரு இருக்காங்கன்னு ஒருநாளும் பாக்கலீங்க."

செந்தில் முகாமை முடித்தான், சான்றிதழும் வாங்கினான். மறு வருஷம் சுபேதாருக்கு மாற்றல் வந்தது. கோவை ஸ்டேஷனில் செந்தில் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். மனுஷரும் பதிலுக்கு ஒன்று அடித்தார்.

"நீங்க எந்த வேலைக்குப் போனாலுஞ் சரிங்க, கண்ணு" என்றார். "எனக்கு மறுபடி காவல் போட்டாங்கன்னா, பக்கத்துல உங்களைத்தான் கேப்பேன்."

ரயில் கிளம்பிய பிறகும் நாங்கள் யாரும் நகரவில்லை. செந்திலின் கண்ணீரை லோகநாதன்தான் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.