முழங்காலுக்கு வந்த சப்பாத்திக்கள்ளி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்த முறை அவள் மட்டும் நலம். நான் சமையல் மேடைமேல் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். முழங்காலை மடக்க முடியவில்லை. காரணம் நீ அனுப்பிய சப்பாத்திக்கள்ளி.

லாரி டயர் விற்றுக்கொண்டிருந்த நீ, செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு மூலிகை வைத்தியனாகிவிட்டாய். சந்தோஷம். மடலை வாட்டிக் கட்டினால் மூட்டு வீக்கம் வற்றும், பழம் தின்றால் இருமலும் உடல் சூடும் போகும், மடலுக்குள்ளே இருக்கும் சோறு கொப்புளத்துக்கு நல்லது என்று தொட்டியோடு வந்த தாளில் வரிசையாக எழுதியிருந்தாய். எல்லாம் சரி, கட்டுவதற்கு முன்னால் முள்ளை நெருப்பில் பொசுக்க வேண்டும் என்பதைத் தாளின் பின்பக்கத்திலா எழுதுவது? முப்பத்துநான்கு வருடம் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். வந்த மனுவிலெல்லாம் ‘மறுபக்கம் பார்க்கவும்’ என்று முத்திரை குத்தியிருக்கிறேனே தவிர, ஒரு தாளையும் நானாகத் திருப்பிப் பார்த்ததில்லை. அதெல்லாம் கீழே இருப்பவர்கள் வேலை.

ஆகவே முள்ளோடு கட்டினேன். பெரிய முள் கண்ணுக்குத் தெரிகிறது, பிடுங்கிவிடலாம். அதன் அடியில் பஞ்சு மாதிரி பொடிமுள் இருக்கிறதே, அதுதான் எமன். மருத்துவரிடம் ஓடினோம். அவர் திரையை இழுத்து மூடிவிட்டு என்னைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னார். முழங்காலுக்கு எதற்குக் கவிழ்ந்து படுப்பது என்று நீ கேட்பாய். வைத்தியத்தில் அதெல்லாம் உண்டு. நர்ஸ் இடுக்கியால் எடுத்து எடுத்து நாற்பத்தொன்று வரை எண்ணினாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வெளியே வந்ததிலிருந்து உன் அக்கா என்னோடு பேசவில்லை. ஏன் என்று சத்தியமாகத் தெரியாது. இன்றோடு நாலு நாள். கண்ணாடி எங்கே என்று கேட்டால், சுவரைப் பார்த்து, “தேடறவங்க தலைமேலதான் இருக்கு” என்கிறாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான், அவள் பேச்சில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அனுப்பியவன் நீ, நீதான் போன் செய்து அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். தொட்டியை இன்றே தூக்கி எறிகிறேன். இனி இந்த வீட்டில் கள்ளி என்ற பேச்சே கூடாது.

நீயும் உன் வீட்டாரும் முள் குத்தாமல் நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என் பக்கத்துல வச்சிட்டுப் போனார். பின்பக்கம்தானே, அவர் பார்க்கவே மாட்டார். முழங்கால்ல அவர் எதையும் கட்டல. வெயில் படணும்னு தொட்டியை நாற்காலியில வச்சதும் அவர்தான், பேப்பர் படிச்சுக்கிட்டே அதுமேல உட்கார்ந்ததும் அவர்தான். டாக்டர்கிட்ட என்னைக் கைகாட்டி, “இவதான் வச்சா”ன்னுட்டார். அதுக்குத்தான் பேசல. நாளைக்குப் பேசிடுவேன், எனக்கும் முடியல. எறியறேன்னு போனவர், மொட்டு விட்டிருக்குன்னு தண்ணி ஊத்திட்டு வந்துட்டார். உட்கார முடியாம நாள் பூரா நடக்கறார். நடந்து நடந்து பத்து வருஷ முழங்கால் வலி போயே போச்சு. எதிர்வீட்டுக்காரர் விசாரிச்சா, “எந்த முழங்கால்?”ங்கறார். உன் மருந்து பலிச்சிடுச்சு. இப்ப தோள்பட்டை வலிக்குதாம். இன்னொரு தொட்டி அனுப்பு, நாற்காலி இங்கேயே இருக்கு.