வீட்டுச் சூட்டைத் திருடும் நல்லவர்கள்

ஞாயிறு பூசை முடிந்ததும் டூனமோர் கிராமத்தார் வீட்டுக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. எல்லோரும் மாலக்கி டான்சியின் பின்னால் போனார்கள். மாலக்கி லேசுப்பட்ட ஆளா? ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன். அயர்லாந்தில் இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்? போன வருஷம்வரை மரு, படர்தாமரை, பல்வலி என்று கைவைத்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். வீடு வாங்க வருகிறவர்கள் வீட்டைப் பார்க்காமல் அதன் சான்றிதழைப் பார்க்கத் தொடங்கியதும், மருவை மருந்துக்கடைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீடுகளுக்கே வைத்தியம் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சான்றிதழில் ஓர் எழுத்து இருக்கும். சூட்டைப் பிடித்து வைக்கிற வீட்டுக்கு ஏ. வானத்துக்குக் கணப்பு மூட்டுகிற வீட்டுக்கு ஜி. ஃபெர்கல் மல்வியின் வீட்டுக்கு ஜி. அதற்குக் கீழே எழுத்து இருந்திருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பார்கள்.

ஃபெர்கலுக்கு இது விளையாட்டில்லை. அவன் மனைவி கன்செப்டாவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் மூச்சு இழுத்தது. வீட்டை விற்றுவிட்டு டவுனில் கதகதப்பாகச் சின்ன வீடொன்று வாங்கத் தவித்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் எழுத்தைக் கேட்டதும் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். நல்ல எழுத்து இருந்தால்தான் வங்கி வட்டியைக் குறைக்குமாம்.

சான்றிதழ் கொடுக்க வந்த பெண் காரணத்தைத் தெளிவாகத்தான் சொன்னாள். கூரைக்கடியில் ஒன்றுமே இல்லை, சுவருக்குள் வெற்றிடம், இரண்டையும் நிரப்பினால் எழுத்து ஏறும். ஃபெர்கலுக்கு அது ரசிக்கவில்லை. இவ்வளவு பெரிய துன்பத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா? கூரைக்கென்று சேர்த்த பணத்தை உறையில் போட்டுக்கொண்டு மாலக்கியைக் கூட்டிவந்துவிட்டான். ஊரும் கூடவே வந்தது.

மாலக்கி கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார். சுடர் மாடிப்படிப் பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? நல்லவங்க போற பாதை மேல வீட்டைக் கட்டியிருக்கீங்க. பின்வாசல்ல நுழைஞ்சு மாடிப்படி ஏறிப் போறாங்க. போறப்ப சூட்டையும் அள்ளிட்டுப் போறாங்க."

நல்லவர்கள் என்றால் குன்றுக்கடியில் வாழும் குட்டித் தேவதைகள். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களாம், அதனால் இப்படி மரியாதை. சூட்டைத் திருடுகிறவர்களுக்கு நல்லவர்கள் என்று பட்டம் கொடுக்கிற ஊரில் மாலக்கிக்கு மட்டும் என்ன பட்டம் கொடுப்பார்கள்?

அவர் பையிலிருந்து புனிதக் கிணற்றடிக் கல்லை எடுத்தார். கதவு அகலத்துக்கு நீண்டிருந்த தடித்த ஆட்டுக் கம்பளியில் அதைச் சுருட்டி வைத்திருந்தார். மூட்டையைப் பின்கதவின் அடியில் அணைத்து வைத்து, கண்ணை மூடி முணுமுணுத்தார். சுடர் நிமிர்ந்து நின்றது. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. ஃபெர்கலின் கை சட்டைப்பைக்குள் போயிற்று.

"கொஞ்சம் இரு, ஃபெர்கல்," என்றாள் கன்செப்டா. "மாலக்கி, கல்லுக்குக் குளிருமா?"

"என்னம்மா கேக்குற?"

"இல்ல, இப்படிப் போத்தி வச்சிருக்கீங்களே."

"சக்தி கசியாம இருக்கத்தான்."

"அப்ப சக்தி கல்லுலதான்? கம்பளியில இல்லையே?"

"கம்பளி வெறும் ஆட்டு ரோமம்மா. சக்தியெல்லாம் கல்லுலதான்!" என்றார் மாலக்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி.

"அதுதான் வேணும்." அவள் குனிந்து கம்பளியை உருவிக்கொண்டு, கல்லை மட்டும் கதவடியில் வைத்தாள். சுடர் மறுபடி படுத்தது.

"தொட்டுட்டியே! மந்திரம் கலைஞ்சு போச்சு!"

"கலைஞ்சா என்ன, இன்னொரு தடவை சொல்லுங்க. அவசரமே இல்ல."

மாலக்கி முணுமுணுத்தார். உரக்கச் சொன்னார். வியர்த்து விறுவிறுத்துச் சொன்னார். சுடர் படுத்தபடியே கிடந்தது. கன்செப்டா கல்லைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, கம்பளியை மட்டும் கதவடி இடுக்கில் அழுத்திவிட்டாள். சுடர் நிமிர்ந்து நின்றது.

கன்செப்டா மதுக்கடைக்காரர் பாட்ஸியைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுலயும் கல்லு வச்சாரே பாட்ஸி, சான்றிதழ்ல எழுத்து மாறிச்சா?"

"எழுத்து மாறல," என்று பாட்ஸி தலையைச் சொறிந்தார். "ஆனா மனசுக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கு."

"இருக்கும். காசு கொடுத்திருக்கீங்கல்ல."

கூட்டம் சிரித்துவிட்டது. கல் வாங்கி வைத்திருந்தவர்கள்தான் உரக்கச் சிரித்தார்கள், தாங்கள் வாங்கவேயில்லை என்பதுபோல. ஃபெர்கலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியின் மூச்சை விலைபேசி முற்றத்துக் கல்லுக்குக் கொடுக்க இருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான். உறையை அவள் கையில் வைத்தான்.

"கூரைக்கு ஆளைக் கூப்பிடு கன்செப்டா. இது என் கையில இருந்தா இன்னொரு மாலக்கி வருவான்."

மாலக்கி கோட்டை மாட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தார். "என் சாமானைக் கொடுத்தா நான் கெளம்புறேன்."

"கல்லு முற்றத்துல இருக்கு, தாராளமா எடுத்துக்கங்க," என்றாள் கன்செப்டா. "கம்பளி இருக்கட்டும். அது வேலை செய்யுது."

கூரையையும் சுவரையும் நிரப்பினார்கள். எழுத்து சி-க்கு ஏறியது, வசந்தத்தில் வீடு விற்றது. டவுன் வீட்டில் கன்செப்டா நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். மாலக்கி பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார், அங்கே கூட்டம் இன்னும் அதிகமாம்.

அயர்லாந்தின் லீட்ரிம் மலையில் மழையில் நனைந்து நிற்கிற ஆட்டைப் பாருங்கள். குளிருக்கு அது தன் ரோமத்தை நம்புகிறது, எந்த ஆடும் கல்லைக் கும்பிட்டதில்லை. அந்த ரோமத்தைக் கத்தரித்து, கல்லுக்குப் போர்த்தி, கல்லைக் கும்பிட்டுவிட்டுக் குளிரில் நடுங்குவதற்கு மூளையுள்ள பிராணி ஒன்று தேவைப்பட்டது. அந்த மூளையை எப்போதாவது எடுத்து உபயோகித்துப் பாருங்கள் ஐயா, தேய்ந்து போகாது!